ஜெபக் குறிப்பு

இவுக ஜெபத்துல இப்பத்தான் மத்தியப் பிரதேசத்துக்கு வந்திருக்காக. இன்னும் ஜார்கண்ட் இருக்கு, ஒடிசா இருக்கு, அங்கங்க காட்டுக்குள்ள ஊழியம் செய்யுத மிஷனரிமார் பேரெல்லாம் இருக்கு, அவுக பிள்ளைக படிப்பு இருக்கு, பிறகு வடக்கேயிருந்து திரும்ப நம்ம பாளையங்கோட்டைக்கு வரணும், சபையில உள்ள நோயாளிகளை ஒவ்வொருத்தரா விசாரிக்கணும், சொந்தக்காரங்க வீட்டுக்கெல்லாம் போகணும், அதுக்குப் பிறகுதான் இந்த வீட்டுக்குள்ள வருவாக. இருபது வருசமா இவுக ஜெபத்துக்கு நான் முழங்கால் போட்டு நிக்கேன், டவுன் பஸ் எந்த ஸ்டாப்புல நிக்கும், எந்த ஸ்டாப்புல ஏற ஆள் இல்லைன்னாலும் நின்னுட்டுத்தான் போகும்னு எனக்குத் தெரியாதா. கடைசி ஸ்டாப்பு கெத்சியா. எனக்கு இடது பக்கம், ஒரு முழம் தள்ளி, யூனிஃபார்ம் போட்டு, தலை பின்னாம, முழங்கால்ல நிக்கா என் மகள். மூணாவது நாளா நிக்கா. ஒரு கண்ணை லேசாத் திறந்து கடிகாரத்தைப் பாத்தேன், ஆறு இருபது. ஏழு அஞ்சுக்கு வேன் வரும். இன்னைக்குக் காலாண்டுப் பரீட்சை, பத்தாங் கிளாஸ், கணக்கு. ஞாயித்துக்கிழமை இவுக போட்ட சட்டம் இது: வாயைத் திறந்து மன்னிப்பு கேளு, ஆண்டவரே நான் விசுவாசிக்கிறேன்னு சத்தமா ஜெபம் பண்ணு, பண்ணாம எழும்பக் கூடாது, பள்ளிக்கூடமும் கிடையாது. திங்கக்கிழமை வேன் வந்து ஹாரன் அடிச்சுட்டுப் போயிட்டு, அவ வாயைத் திறக்கலை. செவ்வாய்க்கிழமையும் போயிட்டு. எட்டு மணியானதும் இவுக தன் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகுதுன்னு ஆமென் சொல்லி எழும்பிப் போனாக, ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த. சொந்தப் பிள்ளை வீட்டுல உக்காந்து ஜன்னலைப் பாத்துக்கிட்டு இருந்தா.

கோரைப்பாய் முழங்கால்ல வரி வரியாப் பதியுது. அடுப்புல பருப்பைச் சிம்முல வச்சுட்டு வந்தேன், ரெண்டாவது விசில் வரணும், இன்னும் வரலை, கேஸ் தீந்துட்டோ என்னவோ, எழும்பிப் போய்ப் பாக்கவா முடியும். ஜெபத்துக்கு நடுவுல எழும்புனா அது ஆண்டவருக்குச் செய்யுத மரியாதைக் குறைவு. பருப்பு தீஞ்சா அது எனக்கு, இந்தச் சுகிர்தாவுக்கு, வேலை தெரியலைன்னு ஆகும். எதுத்த சுவருல, இந்த வீட்டுக்கு இயேசுதான் தலைவர்னு பாசிமணி கோத்து எழுதின பலகை மாட்டியிருக்கு, கல்யாணத்துக்கு யாரோ குடுத்தது. கண்ணை மூடியிருந்தாலும் அது அங்க இருக்கது எனக்குத் தெரியும். வீட்டுக்குத் தலைவர் யாருன்னும் தெரியும். இவுக கையை ஓங்க மாட்டாக. அதை நான் சொல்லணும், சொல்லாட்டி பாவம். ஞாயித்துக்கிழமை ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர் கூட்டத்துல எழும்பி நின்னு சொல்லுவாக, நான் என் பிள்ளையை அடிச்சு வளக்கலை, ஜெபிச்சு வளத்தேன்னு. எல்லாரும் தலையை ஆட்டுவாக. எனக்கு அப்ப பெருமையாத்தான் இருந்துச்சு. இப்பச் சொல்லுதேன், அடிச்சிருந்தா ஒரு நிமிசத்துல முடிஞ்சிருக்கும். அந்தப் பிள்ளை அழுதிருக்கும், நான் குறுக்க விழுந்து தடுத்திருப்பேன், பக்கத்து வீட்டுல கேட்டிருக்கும், ராத்திரிக்கு இவுகளே தைலம் தேச்சு விட்டிருப்பாக. ஜெபத்துக்கு யாரு குறுக்க விழ முடியும். ஜெபம் பண்ணுதவரை யாரு பதில் சொல்லி நிறுத்த முடியும். எங்க மாமியாரும் அப்படித்தான், என் குழம்புல உப்புக் கூடினா எங்கிட்டச் சொல்ல மாட்டாக, சாயந்திர ஜெபத்துல ஆண்டவர்கிட்டச் சொல்லுவாக, இந்தப் பிள்ளைக்குப் பொறுப்பைக் கொடும் ஆண்டவரேன்னு. நான் கண்ணை மூடிக்கிட்டு ஆமென் சொல்லணும். அம்மாகிட்ட மகன் படிச்ச வித்தை. சவம், எத்தனை ஆமென் சொல்லியிருப்பேன் நான் இந்தப் பாயில.

ஜார்கண்ட் வந்துட்டு. அங்க ஒரு மிஷனரி மகளுக்குப் படிப்பு வரலையாம், அந்தப் பிள்ளைக்கு ஞானத்தைத் தாரும்னு கேக்காக. இங்க ஒருத்திக்குக் கணக்குப் பரீட்சை இருக்கு, அதைக் கேப்பாரில்லை. அவளுக்குப் படிப்பு வரும். படிப்பு மட்டுமா. மூணு வயசுல இருந்து தினம் சாயந்திரம் ஒரு வசனம், ஒப்பிச்சா ஒரு கடலை மிட்டாய், ஒப்பிக்காட்டி மிட்டாய் டப்பாவை எதுத்தாப்பல வச்சுட்டு மறுபடி சொல்லுன்னு சொல்லிக்குடுத்தது இவுகதான். இல்லைன்னு சொல்ல முடியாது, பொறுமையாத்தான் சொல்லிக்குடுத்தாக, மடியில வச்சுத்தான் சொல்லிக்குடுத்தாக. அஞ்சாங் கிளாஸ்ல திருமண்டல வசனப் போட்டியில முதல் பரிசு வாங்குனா, மேடையில நின்னு ஒரு அதிகாரம் முழுசும் தப்பில்லாம சொன்னா, இவுக கூட்டத்துல உக்காந்து கைக்குட்டையால முகத்தை மூடி அழுதாக. பிள்ளைக்கு ஐந்நூறு வசனம் தெரியும். மனசுல ஒரு சந்தேகம் வந்தா யார்கிட்டப் போகணும்னு மட்டும் ஒருத்தரும் சொல்லிக்குடுக்கலை. அதைத் தானாக் கண்டுபிடிச்சா. எங்கிட்ட வந்தா. பாவம், போயும் போயும் எங்கிட்ட வந்தா.

மூணு வாரத்துக்கு முந்தி ஒரு சனிக்கிழமை, தலைக்கு எண்ணெய் வச்சுக்கிட்டு இருந்தேன். இந்தா வர்ற ஞாயித்துக்கிழமை அவளுக்குத் திடப்படுத்தல், சபைக்கு முன்னால விசுவாசத்தைத் தன் வாயால அறிக்கை பண்ணுத சடங்கு. பேராயர் வாராக, முப்பத்திரண்டு பிள்ளைக, எல்லாருக்கும் வெள்ளைச் சேலை, இவளுக்கு எடுத்த சேலை பீரோவுல கவரோட இருக்கு, பிளவுஸ் தைக்கக் குடுத்திருந்த சமயம். அந்தக் கதையைத்தான் பேசிக்கிட்டு இருந்தோம். திடீர்னு, "அம்மா, ஒண்ணு சொன்னா திட்ட மாட்டீங்களே" அப்டின்னா. திட்ட மாட்டேன், சொல்லுன்னேன். எந்தப் பையனாவது லெட்டர் கிட்டர் குடுத்துட்டானோன்னு நெனச்சேன். "நான் ஜெபம் பண்ணும்போது அந்தப் பக்கம் யாரும் இருக்க மாதிரியே தெரியலைம்மா. கண்ணை மூடினா சும்மா இருட்டா இருக்கு. எல்லாருக்கும் அப்படித்தானா, எனக்கு மட்டுமா?" என் கை அப்படியே அவ தலையில நின்னுட்டு. பையன் லெட்டர் குடுத்திருந்தாக்கூட எனக்குப் பதில் தெரிஞ்சிருக்கும். "பேராயர் கேக்கும்போது விசுவாசிக்கிறேன்னு சொல்லணும்லாம்மா. அது பொய்தான? தலையில கை வைக்கும்போது பொய் சொன்னா எதுவும் ஆயிருமோன்னு பயமா இருக்கு." இப்ப நெனச்சா தெரியுது, அந்த முப்பத்திரண்டு பிள்ளைகள்ல ஆண்டவரைப் பாத்துப் பயந்தவ இவ ஒருத்தியாத்தான் இருப்பா. மத்ததெல்லாம் சேலைக்கு மேச்சா வளையல் தேடிக்கிட்டு இருக்கும். நான் என்ன சொன்னேன் தெரியுமா. வேதத்தை இன்னும் கூட வாசி, எல்லாம் சரியாப் போகும்னேன். சளிக்குக் கசாயம் குடின்னு சொல்லுத மாதிரி. அவ சரிம்மான்னா. நான் பின்னி முடிச்சு ரிப்பனைக் கட்டினேன்.

அதோட விட்டிருக்கக் கூடாதா நான். தவளை தன் வாயாலதான் கெடும்பாக. இதுல தவளை நான், கெட்டது பிள்ளை. ரெண்டு ராத்திரி தூக்கமில்லை. இவுககிட்டச் சொல்லப் பயம். யார்கிட்டயாவது சொல்லாட்டி நெஞ்சு வெடிச்சிரும் போல இருந்துச்சு. வியாழக்கிழமை லில்லிபுஷ்பம் அக்கா வீட்டு மாடியில பெண்கள் உபவாச ஜெபம். அங்க ஒரு நோட்டு உண்டு, ஜெபக் குறிப்பு எழுதுத நோட்டு, மகனுக்கு வேலை, மருமகளுக்குக் குழந்தை, இடுப்பு வலி, எல்லாம் நம்பர் போட்டு எழுதுவோம். எழுத முடியாததை அக்கா காதுல சொல்லணும். நான் காதுல சொன்னேன். மாடிப்படியில நின்னு, முந்தானையை வாயில வச்சுக்கிட்டு. "யாருக்கும் சொல்லிராதிய அக்கா, ஜெபத்துல மட்டும் வச்சுக்கிடுங்க." அக்கா என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாக. "நீ கலங்காதட்டி சுகிர்தா, இதை நான் பாரமா எடுத்துக்கிடுதேன்." எங்க கூட்டத்துல புறணி பேசுனா பாவம், யாரும் பேச மாட்டோம், பேசுதவளைக் கண்டிப்போம். அதையே ஜெபக் குறிப்புன்னு சொல்லிட்டா அது பாரம், நாலு பேர் சேர்ந்து சுமக்கணும். லில்லி அக்கா பெயர் சொல்லாம ரெண்டு பேருக்குச் சொல்லியிருக்காக, தனசிங் சார் வீட்டுப் பிள்ளைன்னு மட்டும். பெயர் சொல்லலையாம். அந்த ரெண்டு பேரும் தனித்தனியாப் பாரமெடுத்து, பெண்கள் வாட்ஸப் குழுவுல ஒரு குறிப்பு வந்துச்சு, விசுவாசத்தை விட்டுப் பின்மாற்றத்தில் இருக்கிற ஒரு இளம் மகளுக்காக, நம் ஓய்வுநாள் பள்ளிக் கண்காணிப்பாளர் குடும்பத்துக்காக ஊக்கமாக ஜெபிக்கவும்னு. கீழ கைகூப்புத பொம்மை பதினேழு. நான் எண்ணுனேன். அதுல என் கைகூப்பும் ஒண்ணு, போடாட்டி சந்தேகப்படுவாகளேன்னு நானும் போட்டேன். இதை இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் சொல்லலை. என்னைச் செருப்பால அடிச்சாலும் தகும்.

ரெண்டாவது விசில் வந்துட்டு. நல்லவேளை. இவுக ஒடிசாவை முடிச்சுட்டு ஒரு மூச்சு விட்டாக, இனிமே சபை. போன ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு செருப்பு போடுத இடத்துல வச்சு, குருவானவர் இவுக தோள்ல கையை வச்சு, "தனசிங் சார், மகளுக்காக நாங்களும் ஜெபத்துல போராடுதோம், சோர்ந்து போகாதீங்க" அப்டின்னாக. இவுக முகத்தைப் பாத்தேன். என்னன்னே தெரியாம சிரிச்சாக. சிரிச்சுக்கிட்டே ஸ்தோத்திரம் அய்யான்னாக. வீட்டுக்கு வந்து, சட்டையைக் கூட மாத்தாம, அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு நிறுத்தி, "நீ யார்கிட்ட என்னம்மா சொன்ன" அப்டின்னு கேட்டாக. அவ என்னைப் பாத்தா. ஒரு தடவைதான் பாத்தா. எனக்குத் தெரியும் அவ என்ன பாத்தான்னு. சொன்னது ஒரே ஒரு ஆள்கிட்ட, அந்த ஆள் தண்ணிச் செம்போட கதவு நிலையில நிக்குது. நான் வாயைத் திறந்திருக்கணும். இவுகளே மேல மேல பேசிட்டுப் போனாக, "திடப்படுத்தல் வகுப்புல கூட உள்ள பிள்ளைககிட்டல்லாம் சொல்லியிருக்க. கடவுள் இல்லைன்னு சொல்லியிருக்க. நான் ஊருக்கெல்லாம் போதிக்கேன், என் மகள் என் பின்னாலேயே நின்னு சிரிச்சிருக்கா." அவ, "நான் அப்படிச் சொல்லலைப்பா" அப்டின்னா. "அப்ப குருவானவருக்கு யாரு சொன்னா?" அதுக்கு அவகிட்டப் பதில் இருந்துச்சு. அம்மா. மூணே எழுத்து, அதுகூட வேண்டாம், கையை நீட்டினாலே போதும். நீட்டலை. தலையைக் குனிஞ்சுக்கிட்டா. நான் தண்ணியைக் குடிச்சுட்டுச் செம்பைக் கொண்டு போய் வச்சேன். மூணு நாளா இந்தக் காரியத்தைத்தான் தின்னுக்கிட்டு இருக்கேன். அவ வாயைத் திறக்காம முழங்கால்ல நிக்கது ஆண்டவர்மேல உள்ள பிடிவாதம்னு இவுக நெனச்சுக்கிட்டு இருக்காக. அதுல பாதி என்னைக் காட்டிக்குடுக்க மாட்டேங்குத பிடிவாதம். பதினஞ்சு வயசுக்கு எங்கயிருந்து வந்துச்சு இவ்ளோ நெஞ்சுரம். என்கிட்டயிருந்து வரலை.

எனக்கு அவமேலயும் கோபம் இருக்கு, நான் ஏன் பொய் சொல்லணும். ஒரு வார்த்தை சொல்லித் தொலையேன்டி. விசுவாசிக்கிறேன். எட்டு எழுத்து. சொல்லிட்டு எழும்பி, ரெண்டு இட்லி தின்னுட்டு, வேன்ல ஏறி, போய் நூத்துக்கு நூறு எழுதிட்டு வா. நாங்கல்லாம் சொல்லலையா. நான் சொன்னேன். என் திடப்படுத்தலுக்கு என் கூடப்பிறந்த அக்கா கட்டின வெள்ளைச் சேலை, அவ பிளவுஸு, கக்கத்துல இறுக்கிப் பிடிச்சு மூச்சு விட முடியலை. பேராயர் கேள்வி கேக்காக, நாங்க எல்லாரும் ஒரே குரலாச் சொல்லுதோம், எனக்குத் தையல் விட்டிருமோன்னு பயம். அவுக கை தலையில வந்து இருந்துச்சு, வேர்வைக் கை, சோப்பு வாசம். கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு இப்ப வரும் இப்ப வரும்னு இருந்தேன், என்னமோ வெளிச்சம் வரும்னு லில்லி அக்காவோட அம்மாதான் வகுப்புல சொல்லியிருந்தாக. ஒண்ணும் வரலை. இருட்டு. கண்ணுக்குள்ள ரெண்டு மூணு பூச்சி பறந்துச்சு, அவ்ளோதான். எழும்பி வந்து பிரியாணி சாப்பிட்டோம். நான் அதை யார்கிட்டயும் கேக்கலை. கேக்கணும்னே தோணலை. கரண்ட் இல்லாத நேரம் சமையக்கட்டுல கை பழகிப்போகும்லா, உப்பு டப்பா எது, மிளகா டப்பா எதுன்னு, அப்படிப் பழகிட்டு. இவ மட்டும் ஏன் விளக்குப் போடச் சொல்லுதா. அவ கேட்ட கேள்விக்கு என்கிட்டப் பதில் இருந்துச்சு. எல்லாருக்கும் அப்படித்தானான்னுதான கேட்டா. ஆமான்னு சொல்லியிருக்கலாம். எனக்கும் அப்படித்தான்டின்னு சொல்லியிருந்தா அந்தப் பிள்ளைக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கம் வந்திருக்கும். நான் வேதத்தை வாசின்னு சொல்லிட்டு, அவளைக் கொண்டு போய் மாடிப்படியில வித்துட்டு வந்தேன்.

நோயாளிகள்ல முக்கால்வாசி முடிஞ்சுட்டு. ஆறு நாப்பது. இவுக குரல் கரகரன்னு வருது, முழங்கால் வலிக்கும், மூட்டுத் தேய்மானம்னு டாக்டர் சொல்லியாச்சு, நாற்காலியில உக்காந்து ஜெபிக்கச் சொன்னேன், கேக்கலை. இந்த மனுசனை முழுசா வெறுக்கவும் விடாது மனசு. எங்களுக்கு முதல்ல ஒரு பையன் பிறந்தான், மூணு நாள் இருந்தான். ஆஸ்பத்திரி வராந்தாவுல, போறவங்க வர்றவங்க மிதிக்காத குறையா, இவுக மூணு நாளும் முழங்கால்ல நின்னாக. மூணாவது நாள் மத்தியானம் நர்ஸம்மா வந்து தோளைத் தொட்டாக. இவுக எழும்பி, பேண்ட்டுல முழங்கால்கிட்ட தட்டிவிட்டுட்டு, அவர் சித்தம்னு ஒரு வார்த்தை சொன்னாக. அழலை. அதுக்குப் பிறகு ஒரு நாள் காலை ஜெபம் தப்பினதில்லை, காய்ச்சலிலயும் இல்லை, ரயில்லயும் இல்லை. நாலு வருசம் கழிச்சு இவ பிறந்தா, எல்லாத்தையும் பறிகொடுத்த யோபுக்குத் திரும்பக் கிடைச்ச பெண்பிள்ளைகள்ல நடுவுல உள்ளவ பேரைத் தேடி எடுத்து வச்சாக. எனக்குத் தெரியும், இவுக நிறுத்தப் பயப்படுதாக. ஒரு பேரை விட்டுட்டா அந்த ஆளுக்கு எதுவும் ஆயிரும்னு பயம், அதான் ஜெபம் வருசா வருசம் நீளுது. அந்தப் பயத்துக்கு விசுவாசம்னு பேர் வச்சிருக்காக, வச்சுக்கிடட்டும்னு நானும் விட்டுட்டேன். இவுக இருட்டு எப்படி இருக்கும்னு நான் கேட்டதில்லை. ஆனா அந்தப் பயத்தைத் தூக்கி ஒரு பிள்ளை முதுகுல வச்சு, பரீட்சைக்கு விடாம முழங்கால்ல நிறுத்துனா, அதை எந்த ஆஸ்பத்திரிக் கதையும் சரியாக்காது. அவனைப் பறிகொடுத்தது நானும்தான். நான் யாரையும் முழங்கால்ல நிறுத்தலை.

நாத்தனார் மகன் விசா முடிஞ்சுட்டு. அத்தான் சர்க்கரை முடிஞ்சுட்டு. இவுக தொண்டையைச் செருமினாக. வந்துட்டாக, வீட்டுக்குள்ள வந்துட்டாக. "அன்பின் பரலோக பிதாவே, இந்த வீட்டிலே நீர் கொடுத்த ஒரே மகளுக்காக உம்முடைய பாதத்தில் விழுகிறோம். அவளுடைய கல்லான இருதயத்தை உடைத்தருளும் சுவாமி." எனக்கு இடது பக்கம் மூச்சுச் சத்தம் நின்னுட்டு. "கண்ணீரோடு வளர்த்த தகப்பனையும் தாயையும் வெட்கப்படுத்தினாளே. இரகசியமாய் உம்மிடத்தில் சொல்ல வேண்டியதை வெளியே கொண்டுபோய்ச் சிறியவர் பெரியவர் எல்லாருக்கும் பரப்பினாளே." அவ இல்லை. அவ இல்லைங்க. "தாயின் கண்ணீரையாகிலும் பாரும் சுவாமி, அவள் மூன்று நாளாய் உண்ணாமல் இருக்கிறாளே." நான் உண்ணாம இருக்கது எதுக்குன்னு இவுகளுக்கு யாரு சொன்னா. என்னையும் இழுத்து அந்தப் பக்கம் நிறுத்தியாச்சு, என் கண்ணீரை எடுத்து அவளை அடிக்காக. சொல்லேன்டி, எங்கம்மாகிட்ட மட்டுந்தான் சொன்னேன்னு சொல்லு, இப்பச் சொல்லு, நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன். அவ சொல்ல மாட்டா. ஏழுக்கு ஆறு நிமிசம். இவுக, "இப்போதே அவள் வாயைத் திறந்தருளும்" அப்டின்னாக.

"ஆண்டவரே" அப்டின்னு ஒரு சத்தம் வந்துச்சு. என் வாயிலருந்துதான். இவுக நின்னுட்டாக. எங்க வழக்கத்துல ஒருத்தர் ஜெபத்தை எடுத்தா மத்தவங்க விட்டுக் குடுக்கணும், இருபது வருசத்துல நான் எடுத்ததே இல்லை. இவுக மெதுவா ஸ்தோத்திரம்னாக, சந்தோசமாத்தான் சொன்னாக, மனைவியும் போராட வந்துட்டான்னு. இனி என்னை யாரும் நிறுத்த முடியாது. "ஆண்டவரே, இந்தப் பிள்ளை உம்மைப் பத்தி ஊருக்குச் சொல்லலை. இவ என்னை நம்பி," அதுக்கு மேல வரலை. ஏன் வரலைன்னா, பக்கத்துல நிக்குத பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதை நான் மேல ஓடுத ஃபேனுக்குச் சொல்லிக்கிட்டு இருக்கேன். இவுக செய்யுததைத்தான் நானும் செய்யுதேன். எங்க மாமியார் உப்பைச் சொன்ன மாதிரி. கண்ணைத் திறந்தேன். கெத்சியா கண்ணு திறந்திருந்துச்சு. எத்தனை நேரமாத் திறந்திருந்துச்சோ, என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. "ஏங்க, கண்ணைத் திறங்க" அப்டின்னேன்.

"ஜெபத்துக்கு நடுவுல என்ன பேச்சு" அப்டின்னாக, கண்ணை மூடிக்கிட்டே.

"இவ யார்கிட்டயும் போய்ச் சொல்லலை. எங்கிட்டச் சொன்னா. நான்தான் லில்லி அக்காகிட்டச் சொன்னேன். சொல்லிட்டு, நீங்க இவளைக் கேட்டப்ப இருந்து மூணு நாளா ஊமையா இருந்தேன். இவ கடவுள் இல்லைன்னு சொல்லலைங்க, பேராயர் கைக்குக் கீழ பொய் சொல்லப் பயமா இருக்குன்னு சொன்னா. மன்னிப்பு கேக்கணும்னா நான்தான் கேக்கணும், இவ எதுக்குக் கேக்கணும்."

இவுக முகத்துல ஒரு பக்கம் துடிச்சுச்சு. கண்ணு திறக்கலை. இமை ரெண்டையும் இறுக்கி மூடிக்கிட்டாக, சின்னப் பிள்ளைக ஒளிஞ்சு விளையாடும்போது மூடுத மாதிரி. "இன்னும் ஆமென் சொல்லலை சுகிர்தா" அப்டின்னாக, குரல் வரலை, காத்துதான் வந்துச்சு.

"நான் சொல்லுதேன். ஆமென். ஏட்டி, எழும்பு."

அவ உடனே எழும்பலை, கால் மரத்துப் போயிருந்துச்சு, நான் கக்கத்துல கை குடுத்துத் தூக்கினேன். சமையக்கட்டுக்குள்ள கூட்டிட்டுப் போயி ஸ்டூல்ல உக்கார வச்சு, ஒரு கையால இட்லியை எடுத்து அவ கையில குடுத்துட்டு, தலையை வாரினேன். சீப்பு சிக்குல மாட்டி மாட்டி நின்னுச்சு. அவ இட்லியைத் தின்னாம வச்சுக்கிட்டு, சுவரைப் பாத்துக்கிட்டு, "ஏம்மா சொன்னீங்க" அப்டின்னா. அழுதுக்கிட்டுக் கேட்டிருந்தா தாங்கியிருப்பேன். கணக்குல ஒரு வரி புரியலைன்னா கேப்பாளே, அப்படிக் கேட்டா. "பயந்துட்டேன்" அப்டின்னேன். "எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. அதான் உங்ககிட்டச் சொன்னேன்." நான் பின்னிக்கிட்டே இருந்தேன். வேற என்ன செய்ய. ரிப்பன் ரெண்டு தடவை நழுவிட்டு. ஞாயித்துக்கிழமை வெள்ளைச் சேலை கட்டணும்னா கட்டு, வேண்டாம்னா கட்டாத, அப்பாகிட்ட நான் பேசிக்கிடுதேன்னேன். பேசிக்கிடுவேனான்னு எனக்கே தெரியாது, அவளுக்கு எப்படித் தெரியும்.

ஹாரன் அடிச்சுட்டு. பையைத் தூக்கிக் குடுத்து, ஜியாமெட்ரி பாக்ஸைத் தூக்கிக் குடுத்து, வாசல் வரைக்கும் கூடப் போனேன். முன்னறையில இவுக இன்னும் முழங்கால்லதான் நிக்காக, கண்ணு மூடியிருக்கு, உதடு அசையலை. அவளும் பாத்தா, நானும் பாத்தேன், ரெண்டு பேரும் சுத்திக்கிட்டு வெளிய வந்தோம். அவ குனிஞ்சு ஷூ மாட்டும்போது, இப்பச் சொல்லாட்டி இனிமே எப்பவும் சொல்ல மாட்டேன்னு தெரிஞ்சுச்சு. "கெத்சி, அன்னைக்கு நீ கேட்டியே, எல்லாருக்கும் அப்படித்தானான்னு. எனக்கும் இருட்டாத்தான் இருக்கும். உன் வயசுல இருந்து." அவ நிமிர்ந்து என்னைப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்த மாதிரி இருந்துச்சு, அதுக்குள்ள வேன்காரர் ரெண்டாவது ஹாரன் அடிச்சுட்டாரு. கட்டிப்பிடிக்கலை, சிரிக்கலை. பையைத் தோள்ல மாட்டினா.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேம்மா" அப்டின்னா. ரெண்டு படி இறங்கித் திரும்பி நின்னா.

"ஜெபத்துலகூட."